ஏழு ‘ஆ’வில் பேசியவர்கள்

ஓடைக்கரைப்பேட்டை நடுநிலைப்பள்ளியில், பொங்கல் லீவு முடிந்து திறந்த செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில், ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே முதல் ஆளாக எழுதப்பட்டிருந்த சுடலைமணி என்ற பெயர், லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது. பேசியது சுடலைமணி இல்லை. அவன் மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து பார்த்து, வெறும் காற்றுதான் வருகிறது என்று தெரிந்ததும், சரி போகட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பேசியது சாக்பீஸில் எழுதின பேர். “எங்கப்பா மீசைக்கு மை அடிக்கும்போது தும்மிட்டாருல, மூக்கெல்லாம் மை, பொங்கலன்னைக்குப் பூரா வெளிய வராம கட்டில்லயே கெடந்தாரு, கேக்கிறவங்ககிட்ட காய்ச்சல்னு சொல்லச் சொன்னாரு” என்று அவன் குரலிலேயே, அவன் இழுக்கிற இழுப்பிலேயே சொன்னது.

இரண்டாவது பேரை எழுதிக்கொண்டிருந்த வகுப்பு லீடர் முப்பிடாதி திரும்பி முதல் பேரைப் பார்த்தாள். பேர் எழுதின பிறகும் ஒருத்தர் பேசினால் என்ன செய்வது என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் லீடராக இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்திலேயே ‘மி.பே.’ என்று போட்டாள். மிகவும் பேசியவர் என்று அர்த்தம். போட்டதும் அந்தப் பேரின் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஜெபக்கனி டீச்சர் டஸ்டரால் மேசையைத் தட்டி, “பேசாத” என்று அந்தப் பேரைப் பார்த்துச் சொன்னார். பேருக்குக் கேட்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டீச்சர் சொல்வது யாருக்குமே கேட்காது.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வாயிலிருந்து நல்லபடியாகத்தான் கிளம்பும், மேசையைத் தாண்டும், முதல் பெஞ்சுக்குப் போய்ச் சேரும், இரண்டாவது பெஞ்சில் பாதிப் பேருக்கு எட்டும், அதற்கப்புறம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொன்னார்கள். சந்தையில் விலை கேட்டால் கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறவருக்குப் பதில் சொல்லுவார். மற்றபடி சமூக அறிவியலை அவரைப் போலத் தெரிந்து வைத்திருந்த ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆறு வருசமாகத் தற்காலிக ஆசிரியை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழு ‘ஆ’ அவர் பொறுப்பு.

ஏழு ‘ஆ’ போடுகிற சத்தம் மூன்று தெரு தள்ளியிருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் கேட்கும். அங்கே குச்சி அடுக்குகிற பெண்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. “ஜெபக்கனி டீச்சர் பீரியடு ஆரம்பிச்சிட்டு, மணி பதினொண்ணே காலு” என்று எழுந்து டீ குடிக்கப் போவார்கள். ஒரு நாளும் தப்பினதில்லை.

இப்படி ஊருக்கே உபகாரமாக இருந்த சத்தத்தைத்தான் பள்ளித் தாளாளர் ரத்தினவேல் பொங்கலுக்கு முந்தின வாரம் நிறுத்தச் சொன்னார். டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு, “பிப்ரவரி பன்னெண்டு ஆண்டாய்வு. கல்வி அதிகாரி வாராங்க. அன்னைக்கு ஏழு ‘ஆ’வுல ஊசி விழுந்தா சத்தம் கேக்கணும். கேட்டுச்சுன்னா உங்க வேல நிரந்தரம். இல்லன்னா ஜூன்ல நீங்க வர வேண்டாம்” என்றார். டீச்சர், “சரி சார்” என்றார். “என்ன?” என்றார் தாளாளர். “சரி சார்.” “என்னம்மா சொல்லுதீங்க?” டீச்சர் பலமாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வேலை போனால் தீப்பெட்டி ஆபீஸ்தான் என்று அவருக்குத் தெரியும். அதுகூடப் பெரிசில்லை. அந்த நாற்பத்திரண்டையும் அவருக்குப் பிடிக்கும், பாழாய்ப் போகிறது, அதுதான் கஷ்டம்.

அடக்குவதற்கு அவர் என்னதான் செய்யவில்லை. பிரம்பைத் தொடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்து நாளாகிவிட்டது. வட்டாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தாளம் போட்டுக் கைதட்டிப் பார்த்தார். பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குப் பாட்டுக் கட்டி கபடிக்கு வைத்துக்கொண்டார்கள். அமைதியாக இருக்கிற பிள்ளைக்கு ஜிகினா நட்சத்திரம் ஒட்டினார். அமைதியாக இல்லாத சுடலைமணி டப்பாவோடு எடுத்து நெற்றியில் ஒன்பது ஒட்டிக்கொண்டு போலீஸ் அதிகாரியாகத் திரிந்தான். வாயில் விரல் வையுங்கள் என்றார். விரலை வைத்தபடியே பேசுகிற வித்தையை அவர்கள் இரண்டே நாளில் படித்துவிட்டார்கள். பேசின பிள்ளைகளை முட்டி போட வைத்தார், முட்டி போட்ட இடத்தில் கூட்டம் சேர்ந்து பேச்சு அதிகமானது. எல்லாம் தோற்ற பிறகுதான் பழைய வழக்கத்துக்கே வந்து, லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

முப்பிடாதி அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று ஊர் சொல்லும். ஒல்லிப்பிள்ளை, இரட்டைச் சடை, அச்சு மாதிரிக் கையெழுத்து. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்க மாட்டாள், சொந்தச் சித்தி மகன் பேரை ஒரே பீரியடில் மூன்று தடவை எழுதினவள். லீடர் பேசக்கூடாது என்பது சட்டம் என்பதால் வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. இதற்குப் பலன் என்னவென்றால், இடைவேளையில் வாசலில் கொடுக்காப்புளி வாங்கி எல்லாரும் பங்கு போட்டுத் தின்னும்போது, இவள் வந்தால் பொட்டலத்தை மூடிவிடுவார்கள். அவள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி, அழித்த போர்டை இன்னொரு தடவை அழிப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் எழுதின பேர்கள்தான் பேச ஆரம்பித்தன. இரண்டே நாளில் அதன் ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது. பேர் போர்டில் இருக்கிற வரைக்கும் அந்த ஆளால் பேச முடியாது. அவர் பக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன பேச இருந்தாரோ, மனசுக்குள் என்ன வைத்திருந்தாரோ, அதைப் பேர் பேசும். மணி அடித்து டஸ்டர் பட்டதும் குரல் பழையபடி வாய்க்கு வந்துவிடும். இதில் ஒரு நல்ல குணம், பேர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்தாது. எழுதின வரிசைப்படி, முதல் பேர் முடித்த பிறகு இரண்டாவது, அது முடித்த பிறகு மூன்றாவது என்று ரேஷன் கடை வரிசை மாதிரி நின்று நிதானமாகப் பேசும்.

தலைமையாசிரியர் நாராயணசாமி வந்து கதவோரம் நின்று ஒரு பீரியடு முழுக்கக் கேட்டார். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பேர்கள் பேசுகின்றனவா என்று விசாரித்தார். இல்லை என்றதும் நிம்மதியாக, “அப்ப பரவால்ல. போர்டு அழியுற சாமான்தான” என்றார். பேருக்குப் பதிலாக வரிசை எண்ணை எழுதிப் பார்க்கலாமே என்று யோசனையும் சொன்னார். எழுதிப் பார்த்தார்கள். பதினேழாம் எண் பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பித்தது, முப்பத்தெட்டாம் எண் முப்பத்தெட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தது. அது சரியா தப்பா என்று திருத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததால் மறுபடியும் பேருக்கே வந்துவிட்டார்கள்.

ஊருக்கு இது புதன்கிழமை தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் சுடலைமணியின் அப்பா முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்து, “எம்மவன் பேர எழுதாதீங்கம்மா, வேணும்னா ரெண்டு அடி போட்டுக்கோங்க” என்று கேட்டார். அடிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருப்பதை டீச்சர் சொன்னார். அது அவருக்குக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையின் பேர், தன் வீட்டு மிக்சி ரிப்பேர் இல்லை, எதிர்வீட்டுக்காரி இரவல் கேட்பாள் என்றுதான் அம்மா அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டது. அந்த எதிர்வீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் அந்த மிக்சி எதிர்வீட்டில் சட்னி அரைத்தது.

அதற்குப் பிறகு ஓடைக்கரைப்பேட்டையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரு மரியாதை வந்துவிட்டது. புருசன் பெண்டாட்டிச் சண்டை வாசல் வரைக்கும் வந்து, பிள்ளை எந்த வகுப்பு என்று ஞாபகம் வந்ததும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நல்லதாகவே பேசினார்கள், பிள்ளை காதில் விழுகிற மாதிரி இரண்டு தடவை பேசினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஜூன் மாதத்தை நினைத்து இப்போதே குரலைத் தாழ்த்திப் பழகினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கப் போய் ஊர் அடங்கிக்கொண்டு வந்தது. பெற்றோர் கூட்டம் போட்டு, அந்தப் போர்டை உடைக்க வேண்டும் என்று பாதிப் பேரும், பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு ஒரு நாள் இரவல் வேண்டும் என்று பாதிப் பேரும் சண்டை போட்டார்கள். பஞ்சாயத்துக்காரர்கள் உடைக்கிற கட்சியில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஜெபக்கனி டீச்சர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருசமாக அவருக்கு ஒரே இரைச்சலாகக் கேட்ட சத்தம், இப்போது வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்தது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை பத்தொன்பது பேர்கள் ஏறியிருந்தன. சுடலைமணி பேர் கபடியைப் பற்றிப் பேசி முடித்ததும் கடைசிப் பெஞ்சு அந்தோணிச்சாமியின் பேர் சொன்னது: “டீச்சர் என்னல சொல்லுதாங்க?” அதற்கடுத்த பேர், “எனக்கும் கேக்கல, முன்னால கேளு” என்றது. அதற்கடுத்த பேர், “ஏலே, நோட்டுல எழுதச் சொல்லுதாங்களா, வாசிக்கச் சொல்லுதாங்களா?” என்றது. அடுத்தது, “நீ கேட்டுச் சொல்லு, நான் கேட்டா முப்பிடாதி எழுதிருவா” என்றது. டீச்சர் விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பதில் பதினாலு பேர்கள், டீச்சர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆக, நடந்தது இதுதான். இவர் சொல்வது கேட்காமல் மூன்றாவது பெஞ்சு இரண்டாவதைக் கேட்டது, நான்காவது மூன்றாவதைக் கேட்டது, கேட்ட சத்தத்தில் இவர் சொன்னது முதல் பெஞ்சுக்கும் கேட்காமல் போனது, அதற்காக இவர் பிள்ளைகளை முட்டி போட வைத்தார். டீச்சர் ஆசிரியர் அறைக்குப் போய், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது. தலைமையாசிரியரிடம் போய், “தப்பு எம்மேலதான் சார்” என்றார். அவர், “என்னம்மா?” என்றார்.

மறுநாள் பெஞ்சுகளை எல்லாம் வட்டமாகப் போட்டு நடுவில் நின்று பாடம் எடுத்தார். சுற்றிச் சுற்றி நின்று சொன்னார். ஓரளவு கேட்டது. அன்றைக்குப் போர்டில் ஏறினது நாலே பேர்கள். அதற்கடுத்த நாள் இரண்டு. தீப்பெட்டி ஆபீஸில் டீ நேரம் தள்ளித் தள்ளிப் போய்ப் பெண்கள் தலைவலி என்றார்கள். டீச்சருக்கு முதல்முறையாக, ஜூனிலும் இங்கே இருப்போம் என்று ஒரு நம்பிக்கை வந்தது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி சாயங்காலம் தாளாளர் வகுப்பைப் பார்வையிட வந்தார். பெஞ்சு வட்டமாக இருப்பதைப் பார்த்து, “இதென்ன பந்தியா? நேராப் போடுங்க” என்றார். போட்டார்கள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “நாளைக்கு எவன் வாயத் தொறந்தாலும் அதிகாரி முன்னால அவன் பேரு பேசும். வீட்டுச் சங்கதி பூரா வெளிய வரும். பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு முப்பிடாதி பக்கம் திரும்பினார். “ஏம்மா லீடரு, யாரு பேசினாலும் எழுதணும். யாருன்னு மூஞ்சியப் பாக்கக்கூடாது. வெளங்குதா?” முப்பிடாதி தலையை ஆட்டினாள். அன்று ராத்திரி நாற்பத்திரண்டு வீடுகளிலும் அம்மாக்கள் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள்.

பன்னிரண்டாம் தேதி பதினொன்றே காலுக்குக் கல்வி அதிகாரி திலகராணி உள்ளே வந்தபோது ஏழு ‘ஆ’வில் ஊசி இருந்திருந்தால் விழுந்து சத்தம் கேட்டிருக்கும். பிள்ளைகள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிக்கென்று வகுப்பின் பின்பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. தாளாளர் பெருந்தன்மையாகக் கடைசிப் பெஞ்சிலேயே ஒடுங்கி உட்கார்ந்தார். டீச்சர் போர்டில் குடவோலை முறை என்று எழுதிவிட்டுப் பாடம் ஆரம்பித்தார். சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க, தகுதி உள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று, கழுத்து நரம்பு புடைக்க, தன்னால் முடிந்த மட்டும் உரக்கச் சொன்னார்.

வெளியே ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பதினொன்றே காலுக்குச் சத்தமே வராததால் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், பள்ளிக்கூடத்தில் என்னவோ ஆகிவிட்டது என்று போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார்கள்.

பின்னால் நாற்காலியில் இருந்த அதிகாரி, பக்கத்தில் சாய்ந்து, “என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். தாளாளர், “பாடம்தான் மேடம், நடத்துதாங்க” என்றார். “எனக்கு ஒண்ணும் கேக்கலியே.” “கேக்காது மேடம். அமைதியான டீச்சர். வகுப்பப் பாருங்க, எப்படி அமைதி. எல்லாம் நிர்வாகம். போன மாசமே நான்…”

முப்பிடாதி எழுந்தாள். போர்டுக்குப் போனாள். ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு அடியில் கோடு போட்டாள். பெரியவர்கள் பேரை மொட்டையாக எழுதக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை என்பதால், ‘1. திரு. ரத்தினவேல் அவர்கள், 2. திருமதி திலகராணி அவர்கள்’ என்று எழுதிவிட்டு, யார் மூஞ்சியையும் பார்க்காமல், சாக்பீஸோடு அங்கேயே நின்றாள்.

தாளாளரின் வாயில் வார்த்தை நின்றுபோனது. திறந்து பார்த்தார், காற்றுதான் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் பெஞ்சுக்கடியில் மாட்டிக்கொண்டது. போர்டில் அவர் பேர் தொண்டையைச் செருமியது.

“இந்தம்மா சொல்லுதது ஒண்ணுமே கேக்கல” என்றது. “கேக்காட்டி என்ன, ஜூன்ல இருந்தாத்தான. மச்சினன் மக பி.எட். முடிச்சிட்டா, டிசம்பர்லயே வாக்குக் குடுத்தாச்சு. வகுப்பு அமைதியா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஏதாவது கொறை சொல்லி அனுப்பிரலாம். யப்பா, இந்த பெஞ்சுல இடுப்பு போயிட்டு. இதுல எப்பிடித்தான் நாள் பூரா உக்காந்திருக்குதுகளோ.”

சொல்லிவிட்டு வரிசைக்கு வழிவிட்டது. அதிகாரியின் பேர் பெருமூச்சு விட்டது. “இந்த வாரத்துல இது ஒன்பதாவது ஸ்கூல். எல்லா எடத்துலயும் புள்ளைங்க மூச்சக் கூட விடாம உக்காந்திருக்கு. பாக்கவே பயமா இருக்கு. நானும் ‘மிகவும் நன்று’ன்னு எழுதிட்டுப் போய்ட்டே இருக்கேன். போற எடத்துல எல்லாம் கேசரி. ஒரு எடத்துலயாவது மிக்சர் வச்சா என்ன.”

ஜன்னலில் யாரோ சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜெபக்கனி டீச்சர் சிரிக்கவில்லை. டிசம்பரில் வாக்குக் கொடுத்துவிட்டு ஜனவரியில் கூப்பிட்டு ஊசி என்றாரே, அதை நம்பித்தானே நான் இத்தனை நாளாகத் தூங்கவில்லை, இந்தப் பிள்ளைகளை மூச்சுவிடாதே என்று உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்தார். கோபம் வந்தது. ஆறு வருசத்தில் முதல் கோபம், நன்றாகவே வந்தது.

“முப்பிடாதி, எம்பேரையும் எழுது” என்றார். பக்கத்தில் நின்றதால் அவளுக்குக் கேட்டது.

முப்பிடாதி முதல்முறையாக வகுப்பில் வாயைத் திறந்தாள். “நீங்க பேசலியே டீச்சர். பாடந்தான எடுத்தீங்க.”

“பேசணும்னு நெனச்சது நெறைய இருக்கு. எழுதும்மா.”

எழுதினாள். ‘3. ஜெபக்கனி டீச்சர்.’ பேசிப் பழக்கமில்லாத பேர் அல்லவா, கொஞ்சம் யோசித்தது. பிறகு, “கடைசி பெஞ்சு, கேக்குதா?” என்றது.

அது அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. தலைமையாசிரியர் அறையில் கேசரி மூடியிருந்த தட்டு அதிர்ந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கடித்திருந்த உதட்டை விட்டு, “கேக்குது டீச்சர்” என்று ஒரே குரலில் கத்தினார்கள். யார் பேரையும் எழுத முப்பிடாதிக்குக் கை ஓடவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது பேச்சில் சேராது என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள்.

“நான் சொன்னது உங்களுக்குக் கேக்கல” என்றது பேர். “அதத்தான் பக்கத்துல கேட்டீங்க. கேட்டதுக்கு நான் முட்டி போட வச்சேன். தப்பு என்னுது, மனசுல வச்சுக்காதீங்க. தாளாளர் சார், அன்னைக்கு நான் ரெண்டு தடவ சரின்னேன், உங்களுக்குக் கேக்கல. நல்லதாப் போச்சு. நான் சொல்ல நெனச்சது அது இல்ல. பள்ளிக்கூடத்துல ஊசி விழுந்தா எதுக்கு சார் கேக்கணும், இங்க என்ன தையக் கடையா வச்சிருக்கோம்? எனக்கு இந்த வேல வேணும். இந்தப் பிள்ளைங்க வேணும். பெஞ்ச வட்டமாப் போட்டா என் குரலு எட்டும், போட்டுக்கிடுதேன். அவ்வளவுதான். இப்பப் பாடம்.”

குடவோலை முறையைப் பேர் முதலிலிருந்து நடத்தியது. டீச்சர் மேசையோரம் நின்று, பேச முடியாமல், தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாகவா நடத்துகிறோம் என்று இருந்தது. ஓலை எடுக்கிற பிள்ளைக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, அதனால்தான் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்று பேர் சொன்னபோது எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள். ஜன்னலில் நின்ற பெண்களில் ஒருத்தி, “ஏன், பொம்பளைங்க பேரு குடத்துல உண்டா?” என்று கேட்டாள். “இல்ல” என்றது பேர். “அத அடுத்த பீரியடு பேசுவோம்.”

மணி அடித்தது. முப்பிடாதி டஸ்டரை எடுத்ததும் டீச்சர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முதலில் தன் பேரை அழித்தார். பிறகு அதிகாரி பேரை அழித்தார். தாளாளர் பேருக்கு முன்னால் டஸ்டரை ஓங்கியபடி நின்றார். டீச்சரின் வாய்க்குத் திரும்பி வந்தது பழைய மெலிந்த குரல்தான். ஆனால் வகுப்பு, ஜன்னல், வராந்தா எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் அது எல்லாருக்கும் கேட்டது.

“சார், ஜூன்ல நான் வரலாமா?”

தாளாளர் தலையை ஆட்டினார்.

“என்ன சார்?”

இன்னும் கொஞ்சம் ஆட்டினார்.

“சரியாத் தெரியல சார். என்ன சொல்லுதீங்க?”

தாளாளர் கழுத்துச் சுளுக்குகிற அளவுக்குப் பலமாகத் தலையை ஆட்டினார். “ஆட்டிட்டாரு, ஆட்டிட்டாரு, நாங்க பாத்தோம்” என்றார்கள் ஜன்னல் பெண்கள். அதிகாரி ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து, ‘இவ்வகுப்பில் பேச்சு இருக்கிறது, கேட்கவும் செய்கிறது, பெஞ்சுகளை வட்டமாகவே போடலாம், இந்த ஆசிரியை நிரந்தரம் செய்யப்படுவதாகத் தாளாளர் எல்லார் முன்னிலையிலும் தெரிவித்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் டீச்சர் டஸ்டரை இழுத்தார். குரல் வந்ததும் தாளாளர், கேசரி ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அதோடு முடிந்திருக்கும். சுடலைமணி எழுந்து நேராகப் போர்டுக்குப் போனான்.

“டீச்சர், முப்பிடாதி இன்னைக்குப் பேசிட்டா. லீடருன்னா சட்டம் இல்லியா?”

முப்பிடாதி சாக்பீஸை அவனிடம் நீட்டினாள். சட்டம் சட்டம்தான் என்று நினைக்கிற பிள்ளை. சுடலைமணி தன் கோணல் கையெழுத்தில் ‘1. முப்பிடாதி’ என்று எழுதினான். எழுதின பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று எல்லாருக்கும் உறைத்தது. இரண்டு வருசமாக எல்லாரையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றவள். யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதது கிடையாது. போகக் கிளம்பிய தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள்கூட ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்கள்.

போர்டில் இருந்த பேர் மற்ற பேர்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் குரலில், “சுடலைமணி, எனக்கும் ரெண்டு கொடுக்காப்புளி குடேன்” என்றது. வேறொன்றும் சொல்லவில்லை.

சுடலைமணி டவுசர் பையில் கையை விட்டான், ஒரு பொட்டலம் வந்தது. இன்னொரு பையில் விட்டான், இன்னொன்று வந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தோணிச்சாமி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். முப்பிடாதி ஒரு சுளையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பேர் இன்னும் போர்டில் இருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கறுப்புக் கொட்டையை உள்ளங்கையில் துப்பிவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.